பட்டாபிஷேகத்துக்கு மறுநாள்

கம்பர் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டார். ராமனைச் சிம்மாசனத்தில் அமர்த்தியதும் அவருக்குக் கதை முடிந்துவிட்டது. கேட்டவர்களுக்கு முடியவில்லை. அயோத்தியில் அதற்கப்புறம் என்ன ஆயிற்று, சீதை சுகமாக இருந்தாளா என்று கேட்க ஆளிருந்ததால்தான் தமிழிலும் ஓர் உத்தர காண்டம் தோன்றியது. அதைப் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்பது மரபு. கம்பனைக் கரைத்துக் குடித்தவர்களிலேயே பலர் அதைத் தொடுவதில்லை. ஆனால் புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ தன் உச்சத்தை எங்கே போய்த் தேடிக்கொள்கிறது என்று பாருங்கள்: ராமன் நாடு திரும்பிய பிறகு, சீதை வந்து அகலிகையிடம் பேசும் இடத்தில்.

இன்னும் பின்னால் போனால் மணிமேகலை. கோவலன் மாண்டு, மதுரை எரிந்து, கண்ணகி தெய்வமாகிவிட்டாள். சரி, மாதவியும் அவள் மகளும் என்ன ஆனார்கள்? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வந்தவர் இளங்கோ அல்லர், சாத்தனார். மாந்தர் அவர்களேதாம், பார்வை வேறு, சமயம் வேறு. இரண்டையும் சேர்த்து இரட்டைக் காப்பியங்கள் என்று பெயரிட்டு ஒரே தட்டில் வைத்துவிட்டோம். தொடர்ச்சி எழுதியவரை இரவல் சரக்குக்காரர் என்று எவரும் ஏசியதில்லை.

இவ்வளவும் எதற்கு என்றால், நான் எழுத வந்தது ஸ்டார் வார்ஸ் நாவல்களைப் பற்றி. இலக்கிய வாசகர்கள் கூடுமிடத்தில் இந்தப் பெயரை எடுக்கச் சற்றுக் கூச்சம்தான். சினிமாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் நாவல் என்றால், பொம்மைக்கும் பனியனுக்கும் பக்கத்தில் வைத்து விற்கிற சரக்கு என்ற எண்ணம் நமக்கு உண்டு. அதில் பாதி உண்மையும் கூட. மீதிப் பாதியைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜார்ஜ் லூகாஸின் முதல் படம் 1977 மே மாதம் வெளிவந்தது. அடுத்த இரண்டும் 1980இலும் 1983இலும். ஒரு விண்மீன் பேரரசு, அதை எதிர்க்கும் கலகக்காரர்கள். உழவர் வீட்டில் வளர்ந்த லூக், இளவரசி லேயா, கடத்தல்காரன் ஹான் சோலோ, கறுப்புக் கவசத்துக்குள் டார்த் வேடர். மூன்றாவது படத்தின் முடிவில் சக்கரவர்த்தி வீழ்கிறான், வேடர் மனம் திரும்பி உயிர்விடுகிறான், காட்டில் தீ மூட்டிக் கூத்தாடுகிறார்கள். சுபம். கம்பர் நிறுத்திய அதே இடம்.

நாவலோ படத்துக்கு முன்பே வந்துவிட்டது என்பது வேடிக்கை. 1976 இறுதியில் லூகாஸின் பெயரில் வெளியான முதல் புத்தகத்தை உண்மையில் எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். இன்னொரு நாவலும் எழுதித் தரும்படி அவரிடம் சொல்லிவைத்திருந்தார்கள். படம் சுமாராக ஓடினால் குறைந்த செலவில் இரண்டாம் பாகம் எடுக்கக் கைவசம் ஒரு கதை வேண்டுமே! ஆகவே அது மூடுபனி கவிந்த ஒரு கோளில் நடக்கிறது. பனிக்குள் எடுத்தால் செட் செலவு மிச்சம். ஹாரிசன் ஃபோர்டு அடுத்த படத்துக்கு இன்னும் ஒப்பந்தமாகவில்லை என்பதால் ஹான் சோலோ அதில் இல்லை. படம் ஓடிய ஓட்டத்தில் அந்தச் சிக்கனக் கதை தேவைப்படாமல் போக, ‘ஸ்ப்ளிண்டர் ஆஃப் தி மைண்ட்ஸ் ஐ’ என்ற பெயரில் 1978இல் நாவலாக மட்டும் வந்தது. அதில் லூக்குக்கும் லேயாவுக்கும் இடையே இழையோடுவது காதல் என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் இரட்டையராகப் பிறந்த அண்ணன் தங்கை என்று 1983இல் படம் அறிவித்தபோது, புத்தகத்தைப் படித்திருந்தவர்கள் கொஞ்சம் நெளிந்திருப்பார்கள்.

நம் பக்கத்தில் சினிமாவை ஒட்டிய புத்தகம் என்றால் பாட்டுப் புத்தகம், அதைவிட்டால் கதை வசனப் புத்தகம். இதற்கு விலக்காக ஒன்று உண்டு. 1986இல் ‘விக்ரம்’ படத்தையொட்டிச் சுஜாதா குமுதத்தில் எழுதிய தொடர், படத்தின் புகைப்படங்களோடு வாராவாரம் வந்தது. களவுபோன ஏவுகணை, கம்ப்யூட்டர், கற்பனை நாடு ஒன்று என்று விஞ்ஞானப் புனைவின் வாடையும் அதில் இருந்தது. ஆனால் படம் முடிந்த பிறகு விக்ரம் என்ன ஆனான் என்று எவரும் நாவல் எழுதவில்லை. 36 ஆண்டுகள் கழித்து இன்னொரு படம்தான் அவனைத் திரும்ப அழைத்து வந்தது. சுஜாதா தாமே தம் கதையைத் தொடர்ந்ததற்கு ‘என் இனிய இயந்திரா’வுக்குப் பின் வந்த ‘மீண்டும் ஜீனோ’ இருக்கிறது. சர்வாதிகாரி ஜீவாவின் ஆட்சி போன பிறகு நிலாவின் பாடு என்ன என்பதே அந்த இரண்டாம் நாவலின் கேள்வி. தமிழில் விஞ்ஞானப் புனைவு படித்து வளர்ந்தவர்களுக்கு ‘மறுநாள் என்ன?’ என்ற ஆவலை முதலில் ஊட்டியது அந்த நாய்க்குட்டிதான் என்பது என் எண்ணம்.

இது நிற்க. 1983க்குப் பிறகு ஸ்டார் வார்ஸ் மெல்ல அடங்கிவிட்டது. பிரையன் டேலியும் எல். நீல் ஸ்மித்தும் எழுதிய சிறு சாகச நாவல்கள் அதற்கு முன்பே வந்தவை. தொலைக்காட்சியில் குழந்தைகளுக்காகச் சில முயற்சிகள், காமிக்ஸ், பலகையில் விளையாடும் கதை விளையாட்டு ஒன்று, அவ்வளவே. 1991 மே மாதம் திமதி ஸானின் ‘ஏர் டு தி எம்பயர்’ வந்தபோது, இனி யாருக்கு இது வேண்டும் என்றுதான் பதிப்புலகில் பலரும் நினைத்திருக்க வேண்டும். அது நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் முதலிடத்துக்குப் போயிற்று. 1992, 1993இல் ‘டார்க் ஃபோர்ஸ் ரைசிங்’, ‘தி லாஸ்ட் கமாண்ட்’ என அடுத்த இரண்டும் வந்து முத்தொகுதி நிறைந்தது. கூலிக்கு எழுதும் ஆசாமி அல்லர் ஸான். 1984இலேயே ஒரு குறுநாவலுக்கு ஹியூகோ விருது வாங்கியவர். மேலே சொன்ன கதை விளையாட்டின் விவரக் கையேடுகளை லூகாஸ் நிறுவனம் அவருக்கு அனுப்பிவைத்தது. கப்பல்களின் பெயரும் இனங்களின் பெயரும் அவற்றிலிருந்து நாவலுக்குள் வந்தன. நாவலில் அவர் தலைநகரக் கோளுக்கு வைத்த கோரஸாண்ட் என்ற பெயரைப் பிற்பாடு படங்களே எடுத்துக்கொண்டன.

ஸானின் கதை, காட்டுக் கூத்து நடந்து ஐந்தாண்டுகளுக்குப் பிறகு தொடங்குகிறது. பேரரசு வீழ்ந்தாயிற்று, புதிய குடியரசு நிமிரவில்லை. கலகம் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஆளத் தெரியவில்லை. சரக்கு ஏற்றிச் செல்லக் கப்பல் போதாமல் கடத்தல்காரர்களிடம் பேரம் பேசுகிறார்கள். மன்றத்தில் உட்பகை. லேயா நிறைமாதத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள், அதோடு தூது போகிறாள், அதோடு அரைகுறையாக ஜெடாய்ப் பயிற்சியும் எடுக்கிறாள். எதிர்த்தரப்பில் த்ரான் என்ற தளபதி. நீலத் தோல், சிவந்த கண்கள், உரத்த குரலில் ஒரு சொல் கிடையாது. ஓர் இனத்தோடு போர் என்றால் முதலில் அந்த இனத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் வரவழைத்துத் தனியறையில் அமர்ந்து பார்க்கிறான். அவர்கள் எதைக் காண்பார்கள், எதைக் காணத் தவறுவார்கள் என்பது அதிலிருந்து தெரிந்துவிடுகிறதாம். கலையை இவ்வளவு மதிக்கிற வில்லன் ஒருவனை இலக்கிய வாசகர்கள் வெறுப்பது கடினம். மாரா ஜேட் என்ற பெண்ணும் இருக்கிறாள்: செத்துப்போன சக்கரவர்த்தியின் ரகசியக் கையாள், லூக்கைக் கொல்வதாகச் சபதம் செய்தவள், பிற்காலக் கதைகளில் அவனுக்கே மனைவியாகிறவள்.

எனக்கு இம்மூன்றில் முதலில் அகப்பட்டது நடு நாவல். காட்பாடியில் அப்படித்தான் கிடைக்கும். இது சந்திப்பு நிலையம். சென்னையிலிருந்து பெங்களூருக்கும் கேரளத்துக்கும் போகிற வண்டிகளும், விழுப்புரத்திலிருந்து திருப்பதிப் பக்கம் போகிறவையும் இங்கே குறுக்கிடுகின்றன. 1984இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி வி.ஐ.டி. பல்கலைக்கழகமாக வளர்ந்த பிறகு, இந்தியாவின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் இறங்கும் நிலையமாயிற்று. நான்கு ஆண்டுகள் முடிந்து அவர்கள் ஊர் திரும்பும்போது பாடப் புத்தகங்களோடு ஆங்கில நாவல்களும் எடைக்குப் போகும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலும் காலணியும் கொள்முதல் செய்ய வரும் வெளிநாட்டவர் விடுதி அறையில் விட்டுச்செல்வதும் சுற்றிச் சுற்றி அதே பழைய புத்தகக் கடைக்கு வரும். ஒன்றாம் பாகமில்லாத இரண்டாம் பாகம், அட்டையில்லாத மூன்றாம் பாகம். பைண்டு செய்த கல்கித் தொடர்களை நடுவில் பத்து வாரம் காணாமலே படித்துப் பழகிய வம்சத்துக்கு இது ஒரு குறையா என்ன?

அந்த நடு நாவலில் வரும் ஒரு கோளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஹோனோகர் என்று பெயர். அதன் வானில் நடந்த போரில் சிதைந்து விழுந்த கப்பலிலிருந்து விஷம் கசிந்து மண் பாழாகிறது. நோக்ரி என்ற அந்த ஊர் மக்கள் பசியில் கிடக்கும்போது டார்த் வேடர் வந்து உதவுவதாக வாக்களிக்கிறான். மண்ணைச் சுத்தம் செய்யும் இயந்திரங்கள் வருகின்றன, உணவு வருகிறது. நன்றிக்கடனாக அவர்கள் தங்கள் மைந்தர்களைப் பேரரசின் கொலைப்படைக்குத் தலைமுறை தலைமுறையாக அனுப்புகிறார்கள். லேயா தந்திரமாக அங்கே போய்ச் சேர்ந்து கண்டுபிடிக்கும் உண்மை இது: இயந்திரங்கள் வேண்டுமென்றே மந்தமாக வேலை செய்கின்றன. மண்ணை மூடியிருக்கும் புல்லே, மற்ற பயிர் எதுவும் வேர்விடாமலிருக்கத் திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. நிலம் தேறிவிடக் கூடாது. தேறினால் கடன் தீர்ந்துவிடும்.

முதல் படத்தில் லேயாவின் சொந்தக் கோள் ஒரே ஒளிவெட்டில் தூளாகிறது. பார்க்கிறவர் ஒரு கணம் திடுக்கிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறோம். ஹோனோகரை அப்படித் தாண்ட முடியாது, அதிலும் பாலாற்றங்கரையில் உட்கார்ந்து படிக்கிறவரால் முடியாது. அந்த நாவல் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1991இல், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பில், இந்தத் தோல் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போய்விட்டது என்ற ஆய்வு விவரம் இருக்கிறது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய வழக்குகளில் இது முக்கியமானது. நிலம் தேறியதா? 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இதே தோல் ஆலைகள் குறித்து மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. எங்கள் ஊர்த் தோல் தொழிலுக்குப் பின்னால் வேடரின் சூழ்ச்சி எதுவுமில்லை. அது சோறு போட்ட வீடுகள் ஏராளம். சோறும் விஷமும் ஒரே கையிலிருந்து வருவதில் உள்ள வாய்பேச முடியாத நிலை இருக்கிறதே, அதைத்தான் ஸான் பிடித்திருக்கிறார். விண்வெளிச் சண்டைக் கதையில் இதை எதிர்பார்த்து யாரும் போவதில்லை. இரண்டு மணிநேரப் படத்துக்கு இதற்கெல்லாம் பொழுதும் கிடையாது. வெற்றிவிழா முடிந்து, பந்தல் பிரித்த பிறகு வரும் நாவலுக்குத்தான் அந்தப் பொழுது வாய்க்கிறது.

இதை வைத்து எல்லாவற்றையும் பாராட்டிவிட முடியாது. ஸானின் வெற்றிக்குப் பிறகு புற்றீசல்தான். ஆண்டுக்கொரு பேரழிவு ஆயுதம். சூரியனையே வெடிக்கவைக்கும் சிறு கப்பல்கூட ஒன்று வந்தது. ஒரு காமிக்ஸ் வரிசையில் செத்த சக்கரவர்த்தி குளோன் உடலில் எழுந்து வந்தான். விமானிகளைப் பற்றி மைக்கேல் ஸ்டாக்போலும் ஏரன் ஆல்ஸ்டனும் எழுதியவை படிக்கக் கூடியவை, ஆல்ஸ்டனுக்கு நகைச்சுவை நன்றாகவே வந்தது. 1999இல் தொடங்கிய ‘நியூ ஜெடாய் ஆர்டர்’ 19 நாவல்களாக 2003 வரை ஓடியது. அதன் முதல் நாவலிலேயே ஹானின் உயிர்த்தோழன் சூபாக்கா மீது ஒரு நிலவை விழவைத்துக் கொன்றார்கள். படிக்கிற பலரும் கொதித்துப் போனார்கள். கதாபாத்திரங்கள் மூப்படைவதும், பிள்ளைகளைப் பறிகொடுப்பதும், அதற்குப் பின்னும் எழுந்து வேலைக்குப் போவதும் அந்த வரிசையில் உண்டு. நீளம்தான் தாங்கவில்லை.

2012 அக்டோபரில் டிஸ்னி நிறுவனம் சுமார் 405 கோடி டாலருக்கு லூகாஸ் நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது. புதிய படங்களுக்கு இடம் வேண்டும். 2014 ஏப்ரல் 25 அன்று, அதுவரை வந்த நாவல்கள் அனைத்தும் இனி ‘லெஜண்ட்ஸ்’ என்ற பெயரில் விற்கப்படும், கதையின் அதிகாரபூர்வ வரலாற்றில் அவற்றுக்கு இடமில்லை என்று ஓர் அறிவிப்பு வந்தது. மாரா ஜேட் இல்லை. ஹோனோகர் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் படித்து வந்தவரிடம், நீர் படித்தது நடக்கவில்லை என்று சொல்வது விசித்திரமான ஆணை. நடக்காததைத்தானே இருதரப்பும் அச்சிடுகிறார்கள்! எங்கள் வட ஆர்க்காடு மாவட்டம் 1989இல் அரசாணையால் பிரிந்தது, பிறகு வேலூர் என்று பெயர் மாறியது, 2019இல் மறுபடி மூன்றாக உடைந்தது. இன்றும் மு.வ.வை வட ஆர்க்காட்டுக்காரர் என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொல்கிறார்கள். (‘கி.பி. 2000’ என்று எதிர்காலத்தைக் கற்பனை செய்து ஒரு நூல் எழுதியவர் அவர் என்பது இங்கே ஒரு கொசுறு.)

கல்கிக்கு நேர்ந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்ததும் வாசகர்கள் விடவில்லை. பாத்திரங்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்பதற்கு முடிவுரையில் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கல்கி அதே 1954 டிசம்பரில் மறைந்தார். பின்னர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் கதையைத் தொடர்ந்தார். அது வந்த பத்திரிகை அமுதசுரபி. நம் முதல் தொடர்ச்சிக் காப்பியத்தின் நாயகி கையில் ஏந்திய பாத்திரத்தின் பெயர் அது. இப்படிப் பொருத்தம் அமைவது நம் கையில் இல்லை. பிற்காலத்தில் அனுஷா வெங்கடேஷ் ‘காவிரி மைந்தன்’ எழுதினார். 1990களின் இறுதியில் கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையாயின. இவற்றில் எது செல்லும், எது செல்லாது என்று முத்திரை குத்த ஓர் அலுவலகம் இங்கே ஏற்பட்டதில்லை. விக்கிரமனின் குந்தவை பிடிக்காதவர் புத்தகத்தை மூடிவைத்தார், பிடித்தவர் நூலகத்தில் பதிந்துவைத்துக் காத்திருந்தார். மணி ரத்னத்தின் படங்கள் 2022, 2023இல் வந்தபோதும் அவற்றுக்காக எந்தத் தொடர்ச்சி நாவலும் ரத்தாகவில்லை.

உடைமையாளரின் கை எவ்வளவு நீளும் என்பதற்கு இன்னொரு செய்தி. 1976இல் பெயரில்லாமல் முதல் புத்தகத்தை எழுதிய அதே ஆலன் டீன் ஃபாஸ்டர், தமக்கு வர வேண்டிய உரிமைத்தொகை டிஸ்னியிடமிருந்து வரவில்லை என்று 2020 நவம்பரில் அமெரிக்க விஞ்ஞானப் புனைவு எழுத்தாளர் சங்கத்தின் வழியே பகிரங்கமாக முறையிட்டார். நிறுவனத்தை வாங்கியவர்கள் உரிமைகளை வாங்கினார்களே தவிரக் கடன்களை வாங்கவில்லை என்பது போன்ற வாதம் தமக்குச் சொல்லப்பட்டதாகச் சங்கம் கூறியது. மந்தமாக வேலை செய்யும் இயந்திரங்களை நினைத்துக்கொண்டேன்.

2015இல் வந்த புதிய படம், புதிய குடியரசின் தலைநகரை ஒரே வெடிப்பில் துடைத்துப் போட்டது. ஆளக் கற்றுக்கொள்ளும் கதையைச் சொல்ல வேண்டிய சுமை அதோடு தீர்ந்தது; மறுபடியும் கலகம், மறுபடியும் பேரரசு. 2019 படத்தில் செத்த சக்கரவர்த்தியையே எழுப்பினார்கள். தள்ளிவைத்த பரண் சரக்கிலிருந்து இறக்கினதுதான் இறக்கினார்கள், பழைய காமிக்ஸின் ஆக மோசமான யோசனையைத்தானா இறக்க வேண்டும்? த்ரானை மட்டும் அவர்களால் விட்டுவைக்க முடியவில்லை. 2016இல் கார்ட்டூன் தொடர் ஒன்றில் வந்தான். 2017இல் ஸானே அவனைப் பற்றிப் புதிதாக நாவல் எழுதினார். 2023இல் ‘அசோகா’ தொடரில் லார்ஸ் மிக்கல்சன் அவனாக நடித்தார். நோக்ரி மெய்க்காவலன் ருக்கும் கார்ட்டூனில் தலைகாட்டினான். பழைய நாவலில் த்ரானைக் குத்திக் கொல்கிறவன் அவன்தான். ஹோனோகரின் ரகசியம் வெளிப்பட்டதன் விளைவு அந்தக் குத்து. புதிய கதையில் அவன் வெறும் வேட்டைக்காரன். அவன் ஊரில் முளைத்த புல்லைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

படித்துப் பார்க்க நினைக்கிறவர்கள் ஸானின் மூன்று நாவல்களோடு தொடங்கலாம். முடிந்தால் வரிசையாகவே படியுங்கள். பிறகு மேத்யூ ஸ்டோவர் 2005இல் எழுதிய ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சித்’. படத்தை எழுத்தாக்கிய நாவல்தான் என்றாலும் படத்தைவிட நல்ல படைப்பு அது. ரத்துக்குப் பின் வந்தவற்றில் கிளாடியா கிரேயின் ‘பிளட்லைன்’ (2016), லேயாவை மறுபடியும் மன்றத்தில் உட்காரவைத்து அரசியல் பேசவைக்கிறது. சூரியனை வெடிக்கவைக்கும் கப்பலை விட்டுவிடலாம்.